அம்மாவுக்கு ஆங்கிலம் வராது: பிரிட்டனில் பெற்றோரின் வைத்தியத்தைக் கவனிக்க முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் தமிழ் வீடுகளில் எழுதாத விதி ஒன்று உண்டு. யாருக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறதோ, அவர்தான் அம்மாவின் மொழிபெயர்ப்பாளர். வேலையில் அரைநாள் லீவு போட்ட மகள், யுனிவர்சிட்டியில் படிக்கும் பேரன், சில வீடுகளில் பத்து வயதுப் பேத்திகூட. எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் அம்மாவுக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைக்க வேண்டுமென்றால் நீங்கள் முதலில் கைவிட வேண்டிய வேலை இதுதான் என்பேன். மொழிபெயர்க்க, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இலவசமாக ஆள் தரும். அம்மாவின் பழைய நோய்கள், அவர் சொல்லாமல் விழுங்குவது, மருந்துப் பை, வந்து குவியும் கடிதங்கள் ஆகியவற்றைப் பார்க்க யாரும் ஆள் தரமாட்டார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் தேவை.

நான் எழுதுவது இங்கிலாந்தை மனதில் வைத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அடிப்படை ஒன்றுதான், சில விதிகளும் பெயர்களும் மாறும். அம்மா என்று எழுதும் இடத்தில் அப்பா, மாமியார், பெரியம்மா யாரையும் வைத்துப் படிக்கலாம்.

1. ஜிபி பதிவேட்டில் மொழியை ஏற்றுங்கள்

ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம், பதிய பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று எதுவும் கட்டாயமில்லை. இருந்தால் காட்டலாம். இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. ரிசப்ஷனில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அங்கே நின்று வாதாடுவதைவிட, "பிராக்டிஸ் மேனேஜரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்" என்றால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

படிவத்தில் மொழி 'தமிழ்' என்றும், மொழிபெயர்ப்பாளர் தேவை என்றும் எழுதுங்கள். 'கொஞ்சம் ஆங்கிலம் தெரியும்' என்று கௌரவத்துக்காக எழுதிவிடாதீர்கள். பஸ்ஸிலும் டெஸ்கோவிலும் சமாளிக்கிற ஆங்கிலத்தை வைத்து, வலி சாப்பிடுவதற்கு முன் வருகிறதா பின் வருகிறதா என்று விளக்க முடியாது.

ஜிபி பதிவில் இருப்பது ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஜிபி ஸ்பெஷலிஸ்டிடம் ரெஃபரல் அனுப்பும்போதெல்லாம், மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதைக் கடிதத்திலேயே போடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் வந்ததும் அதிலுள்ள எண்ணுக்கு அழைத்து இன்னொரு முறை உறுதிசெய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போய் நின்றால், வேறு தேதிக்குத் தள்ளிவிடுவார்கள் அல்லது உங்களையே பேசச் சொல்வார்கள்.

அடுத்தது கடிதங்களும் எஸ்.எம்.எஸ்.களும். எல்லாம் ஆங்கிலத்தில் வரும், அம்மா விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவார். கிளினிக்குக்குப் போகாமல் விட்டால், பல இடங்களில் பெயரை எடுத்துவிட்டு ஜிபியிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு திரும்பவும் வரிசையின் வால். 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வரும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதிக்கு நம் வீடுகளில் நேரும் கதி தெரிந்ததே: பிரித்துப் பார்த்து, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் முகம் சுளித்துக் குப்பைக்கு. அது வரும் வருடத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அம்மா சம்மதித்தால், அவருடைய அப்பாயின்ட்மென்ட்களையும் மருந்துகளையும் உங்கள் என்.எச்.எஸ். ஆப்பிலிருந்தே பார்க்க ஜிபியிடம் 'ப்ராக்ஸி ஆக்ஸஸ்' கேட்கலாம். உங்களிடம் பேச அனுமதி தருவதாகவும் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் ஃபோன் செய்யும்போது 'டேட்டா ப்ரொடெக்‌ஷன்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. விசிட்டர் விசாவில் வந்தவருக்கு ஜிபியைப் பார்ப்பதும் ஏ அண்ட் இ என்னும் அவசரப் பிரிவில் சிகிச்சையும் இலவசம். வார்டில் சேர்த்தாலோ ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குப் போனாலோ, என்.எச்.எஸ். கணக்கிடும் செலவில் 150 சதவீதம் பில் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ கட்டாமல் விட்டால் அடுத்த விசாவிலும் சிக்கல். பழைய நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு எடுக்காமல் பெற்றோருக்கு டிக்கெட் போடாதீர்கள். தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியும் இலவசம்.

2. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவது

"நீங்கள் கூட வருகிறீர்கள்தானே, நீங்களே சொல்லலாமே?" என்று ரிசப்ஷனில் கேட்பார்கள். "நான் மகளாக வருகிறேன். மொழிபெயர்க்க ஆள் போடுங்கள்" என்பது போதும். 2018இல் வெளியான என்.எச்.எஸ். இங்கிலாந்து வழிகாட்டல் இதில் தெளிவாக இருக்கிறது: நோயாளிக்குக் கட்டணம் கிடையாது; தொழில்முறை ஆள்தான் வேண்டும்; உடனடிச் சிகிச்சை தேவைப்படும் நிலை தவிர, 16 வயதுக்குட்பட்டவர்களை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது.

ஜிபியில் பெரும்பாலும் தொலைபேசி வழியாகத்தான் கிடைக்கும். மேசைமேல் ஸ்பீக்கரில் ஒரு குரல், அந்தப் பக்கம் யார் என்று தெரியாது, அம்மா ஃபோனைப் பார்த்துக் கும்பிடு போடுவார். சாதாரண விஷயத்துக்கு அது போதும். புற்றுநோய் முடிவு, ஆபரேஷன் சம்மதம், ஞாபகமறதிப் பரிசோதனை என்றால் நேரில் வரும் ஆளைக் கேளுங்கள். காது மந்தமானவருக்கு ஸ்பீக்கர் ஒத்துவராது, அதையே காரணமாகச் சொல்லலாம். எல்லாவற்றையும் இரண்டு முறை பேச வேண்டியிருப்பதால் வழக்கமான பத்து நிமிடம் பற்றாது. பதிவு செய்யும்போதே 'டபுள் அப்பாயின்ட்மென்ட்' கேளுங்கள்.

ஆள் கேட்கும்போது ஆணா பெண்ணா என்பதோடு இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் சொல்லுங்கள். இது ஏதோ ஊர்ப்பற்று இல்லை. யாழ்ப்பாணத்து அம்மா "சலம் போகேக்கை எரியுது" என்றால் சிறுநீர். மதுரைக்காரர் காதில் சலம் என்பது சீழ். "கால் விறைக்குது" என்று அவர் சொல்வது மரத்துப்போவதை. தமிழ்நாட்டுக்காரருக்கு அது காலை மடக்க முடியாத விறைப்பு. மருத்துவருக்கு இந்த இரண்டும் வேறு வேறு நோய். 'வருத்தம்' நோயாகாமல் மனக்கவலையாகப் போய்ச் சேர்ந்தால், உடம்பு வலிக்கு வந்தவரிடம் டாக்டர் டிப்ரெஷன் கேள்வித்தாளை நீட்டுவார். நாரி (இடுப்பு), சத்தி (வாந்தி), தலையிடி (தலைவலி) எல்லாமே இந்த ரகம்தான். கேட்ட ஊர்க்காரர் கிடைக்காவிட்டால், இப்படிப்பட்ட சொற்களை ஆரம்பத்திலேயே மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாருக்கும் இருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் இன்னொன்று: மொழிபெயர்க்க வருகிறவர் நம் கோயிலுக்கு வருகிறவராக இருந்துவிட்டால்? ரகசியம் காப்பது அவர்கள் தொழிலின் கடமை. இருந்தாலும் அம்மாவின் கூச்சம் கூச்சம்தான். அப்போது தொலைபேசி ஆளே மேல். வேறு ஊரிலிருந்து பேசுகிறவராக இருக்கலாம், முகமும் தெரியாது. வந்து நின்றவர் தெரிந்தவர் என்றால் ஆளை மாற்றச் சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு.

கூகுள் டிரான்ஸ்லேட்? எந்த மாடி, எந்த வார்டு என்று கேட்கப் பயன்படுத்துங்கள். மாத்திரை அளவுக்கு வேண்டாம்.

3. ஒரு தாள், ஒரு பை

ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு மிகாமல், ஆங்கிலத்தில் அச்சடித்து வையுங்கள்: பெயர், பிறந்த தேதி, என்.எச்.எஸ். எண், மொழி, இருக்கும் நோய்களும் அவை தொடங்கிய வருடமும், ஊரில் செய்த ஆபரேஷன்கள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இப்போது எடுப்பவை அளவோடு, உங்கள் ஃபோன் எண். அடியில் இன்றைக்கு வந்த காரணம் ஒரே வரியில். ஐந்து பிரச்சினையோடு போனால் டாக்டர் இரண்டைத்தான் பார்ப்பார். எந்த இரண்டு என்பதை வீட்டிலேயே அம்மாவோடு பேசி முடிவு செய்யுங்கள். அவருக்கு முக்கியமானது உங்களுக்கு முக்கியமாக இருக்காது. நீங்கள் சர்க்கரையைப் பற்றியே பேசுவீர்கள். அவருக்கு மடக்க முடியாத முழங்கால்தான் கவலை.

பிறகு அந்தப் பை. ஊரிலிருந்து வந்த மாத்திரை அட்டைகள், சித்த மருந்து லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த எண்ணெய், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் வேண்டும். இந்தியாவில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பார்கள். ஒரே சர்க்கரை மாத்திரைக்குள் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் இருக்கும். இங்கே மெட்ஃபார்மினைத் தனியாக எழுதிக்கொடுத்து, அம்மா பழையதையும் விடாமல் விழுங்கினால் இரட்டை அளவு. பாரசிட்டமால் இன்னும் ஆபத்து. டோலோ, பனடோல், இங்கே வலிக்கு எழுதும் கோ-கோடமால் மூன்றிலும் இருப்பது அதேதான். மூன்றையும் எடுத்தால் கல்லீரல் பாடு படும். நாட்டு மருந்தைப் பற்றிச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று அம்மா மறைப்பார். சில தயாரிப்புகளில் ஈயம், பாதரசம் இருந்திருக்கின்றன. காட்டிவிடுவதே நல்லது.

ஊர் ரிப்போர்ட்டில் உள்ள எண்களும் இங்குள்ள எண்களும் ஒன்றல்ல. ஊரில் சர்க்கரை 180 என்பது இங்கே 10. பதினெட்டால் வகுத்தால் வந்துவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஊரில் 6.5 சதவீதம் என்றால் இங்கே 48, 7 என்றால் 53, 8 என்றால் 64. ஊரில் 7 என்று கேட்டுப் பழகிய அம்மா இங்கே 53 என்றதும் பதறிப்போவார். மறுபக்கம், குளுக்கோமீட்டர் 14 காட்டினால் "பதினாலுதானே" என்று நிம்மதியாகப் பாயசம் சாப்பிடுவார். அது ஊர்க்கணக்கில் 250க்கு மேல். மீட்டரின் பக்கத்தில் ஊர்க்கணக்கை எழுதி ஒட்டிவிடுங்கள்.

4. அறைக்குள்

டாக்டர் பார்க்க வேண்டியது அம்மாவை, உங்களை அல்ல. மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்குப் பக்கத்தில் அமரட்டும், நீங்கள் ஒரு நாற்காலி தள்ளியே இருங்கள். குறுக்கே பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். தப்பாக ஏதாவது போகிறது என்று தோன்றினால், அம்மா முடித்ததும், "அவர் சொன்னது இதுவா என்று இன்னொருமுறை கேட்கிறீர்களா?" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் ஆட்களின் பதில்கள் பலவும் வெள்ளைக்கார டாக்டருக்கு வேறு மாதிரிக் கேட்கும். "சரி டாக்டர்" என்று தலையாட்டினால் ஒத்துக்கொண்டார் என்று எழுதுவார். அம்மா காட்டியது மரியாதை மட்டும்தான். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றால், "பரவாயில்லை, கொஞ்சம்தான்". எண்ணை விடுங்கள். சாமி கும்பிட்டுத் தரையிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா, சோற்றுப் பானையைத் தூக்க முடிகிறதா, இரவில் எத்தனை முறை எழும்புகிறார் என்பதைச் சொல்ல வையுங்கள். 'மயக்கமா இருக்கு' என்றால் கண் இருட்டியதா, அறை சுற்றியதா, நினைவு தப்பியதா, வெறும் கிறக்கமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வாய்வு. "நெஞ்சில வாய்வு பிடிச்சிருக்கு" என்பது அப்படியே கேஸ் ஆகப் போய்ச் சேர்ந்தால் ஜீரண மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடு மார்பில் இறுக்கம், படி ஏறினால் கூடுகிறது, வியர்க்கிறது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்று இருந்தால் அந்த விவரங்களைத்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும்.

விரதம் இருப்பாரா என்று டாக்டர் தானாகக் கேட்க மாட்டார். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம், வெள்ளிக்கிழமை ஒருபொழுது எதுவானாலும், கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். "விரதம் கூடாது" என்று சொல்ல வைப்பது சுலபம், அம்மா கேட்கமாட்டார். அந்த நாட்களில் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேளுங்கள். டயட்டீஷியனிடம் போகும்போது அம்மாவின் சாப்பாட்டுத் தட்டை ஃபோட்டோ எடுத்துப் போங்கள். இல்லையென்றால் பாஸ்தாவைக் குறைக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம்தான் கிடைக்கும், பாஸ்தாவை அவர் தொட்டதே இல்லை.

உடம்பைக் காட்டிப் பரிசோதிக்க வேண்டுமென்றால் பெண் மருத்துவரைக் கேட்கலாம், கூட நிற்க 'சாப்பரோன்' கேட்கலாம்.

ஒரு ஐந்து நிமிடமாவது நீங்கள் வெளியே போங்கள். சிறுநீர் கசிவதையும், மருமகனோடு உள்ள பிரச்சினையையும், போர்க்காலத்தில் நடந்ததையும் மகள் முன்னால் எந்த அம்மா பேசுவார்? சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை தரும் ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் போன்ற தொண்டு நிறுவனமும், மொழிபெயர்ப்பாளரோடு கிடைக்கும் என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் என்னும் பேச்சுவழி மனநலச் சிகிச்சையும் இங்கே உண்டு. ஆனால் முதல் வார்த்தை வெளியே வருவது நீங்கள் இல்லாத அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

கிளம்பும் முன், என்ன மருந்து, எப்போது, எது நின்றது, எது தொடர்கிறது என்பதை அம்மாவையே திருப்பிச் சொல்ல வைக்கும்படி டாக்டரைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதே.

5. அவசரத்தில்

உயிருக்கு ஆபத்து என்றால் அழைக்கும் 999, மற்ற மருத்துவ ஆலோசனைக்கான 111 இரண்டிலும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. அம்மாவுக்கு மூன்று விஷயத்தைப் பாடமாக்குங்கள்: "ஆம்புலன்ஸ்", "தமிழ் இன்டர்ப்ரெட்டர்", வீட்டு போஸ்ட்கோட். போஸ்ட்கோடைப் பெரிய எழுத்தில் ஃபோனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பக்கவாதத்தில் மட்டும் உங்கள் காதுக்கு ஈடு இல்லை. முகம் கோணுகிறதா, கை விழுகிறதா என்பதை ஆம்புலன்ஸ்காரர் பார்ப்பார். பேச்சு குழறுகிறதா? அவர் காதுக்கு எல்லாத் தமிழும் ஒன்றுதான். "இது அவருடைய வழக்கமான பேச்சு இல்லை, சொற்கள் மாறி வருகின்றன, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்லுங்கள். தொடங்கிய நேரத்தை வைத்துத்தான் மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுப்பார்கள்.

6. மறதிப் பரிசோதனை

வார்டில் முதியவர்களிடம் கேட்கும் பழைய பத்துக் கேள்விப் பட்டியலில், இப்போதைய மன்னர் யார், முதல் உலகப்போர் எந்த வருடம் என்பதெல்லாம் வரும். வல்வெட்டித்துறையில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒருவருக்கு இவை தெரியாமல் போனால் அது மறதி இல்லை. அவர் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனார், முன்பு எதையெல்லாம் தனியாகச் செய்தார், இப்போது எது முடியவில்லை என்று எழுதிக் கொடுங்கள். பல பண்பாட்டினருக்கும் பொருந்தும்படி சிட்னியில் உருவாக்கிய ரூடாஸ் என்ற பரிசோதனை இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். பரிசோதனையின்போது நீங்கள் மொழிபெயர்த்தால், உங்களை அறியாமலே விடையை எடுத்துக்கொடுத்துவிடுவீர்கள்.

7. "அம்மாவிடம் சொல்லாதீங்க டாக்டர்"

புற்றுநோய் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் வரும் வாக்கியம் இது. மொழிபெயர்ப்பது நாமாக இருந்தால் 'கட்டி' என்று மாற்றிச் சொல்லி மறைத்தும் விடலாம். அந்த ஆசைதான் குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு நான் காணும் மிகப் பெரிய காரணம். இங்கே சட்டப்படி அது அம்மாவின் உடம்பு, அம்மாவின் தகவல். குடும்பம் கேட்டதற்காக டாக்டர் மறைக்க மாட்டார். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு உண்டு. அதனால் முடிவு வருவதற்கு முன்பே, "எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லட்டுமா, மகளிடம் பேசட்டுமா?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். எல்லாம் தெரிந்துகொண்டு, ஊரில் நிலத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அவசரப்படும் அம்மாக்களும் உண்டு.

மூத்த மகன் என்பதால் முடிவெடுக்கும் அதிகாரம் இங்கே வந்துவிடாது. அம்மாவால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் அவருக்காகப் பேச, உடல்நலத்துக்கான 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி' வேண்டும். அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி, ஆபிஸ் ஆஃப் தி பப்ளிக் கார்டியனில் பதிய வேண்டும். மறதி முற்றிய பிறகு எழுத முடியாது. மொழி புரியவில்லை என்பதை 'முடிவெடுக்கத் தெரியாதவர்' என்று எழுதிவிடவும் கூடாது. 2005ஆம் வருட மென்டல் கபாசிட்டி சட்டம், முதலில் எல்லா உதவியும் செய்து பார்க்கச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளரும் அந்த உதவியில் சேர்த்தி.

8. சரிவரவில்லை என்றால்

வார்டில் அம்மா மோசமாகிக்கொண்டு போகிறார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால், 'மார்த்தாஸ் ரூல்' என்று கேளுங்கள். மார்த்தா மில்ஸ் என்ற சிறுமி 2021இல் இறந்தபின் அவளுடைய பெற்றோர் போராடிக் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2024 முதல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்கும்படி குடும்பத்தாரே கூப்பிடலாம். அந்த ஃபோன் எண் வார்டுச் சுவரில் இருக்கும், அட்மிட் ஆன அன்றே படம் எடுத்து வையுங்கள்.

மற்ற குறைகளுக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குறைகளைக் கேட்கும் பால்ஸ் (PALS) அலுவலகம், ஜிபியில் பிராக்டிஸ் மேனேஜர். மொழிபெயர்ப்பாளர் வராத நாட்களைத் தேதியோடு குறித்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எழுத்தில் புகார் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. புகாரைத் தமிழிலேயே எழுதலாமா என்றும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவே சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுக்கலாம்.